விட்பி வாசலில் தொங்கிய ஜப்பான் பூதம்

இந்தப் பயணத்தை எழுதுவதா வேண்டாமா என்று ஆறு மாதம் யோசித்தேன். நான் போனது ஒரு பழைய பொம்மையைத் தேடி. ஆனால் அன்று பகல் ஒன்றரை மணிக்கு, முன்பின் தெரியாதவர்களின் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் கதிரையின் மேல் ஏறி நின்று நான் செய்துகொண்டிருந்த காரியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. என்றாலும், ஜப்பான் பூதப் பொம்மைகளைச் சேர்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் ரொறன்ரோவில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேராவது இருப்பீர்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பிப் பக்கம் போக நினைத்தால் வழியும் நேரமும் செலவும் உதவும். அதனால் எழுதுகிறேன்.

போனது 1998 ஜூலை, ஒரு சனிக்கிழமை. அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து விட்பியின் புதுக் குடியிருப்புகள் வரை ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். கார் இருந்தால் அரை மணித்தியாலம். எனக்கு மூன்று மணித்தியாலமும் இருபத்தைந்து நிமிடமும் பிடித்தது.

பொம்மைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இவை ஜப்பானில் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் செய்யப்பட்டவை. மென்மையான பிளாஸ்டிக், உள்ளே வெறும் கூடு, ஒரு சாண் உயரம். கைகால்களைச் சுழற்றலாம். உள்ளங்காலில் நாட்டின் பெயரும் ஆண்டும் பதிந்திருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது. கொம்பு, செதில், பல், வால் என்று எல்லாமே அளவுக்கு மிஞ்சி இருக்கும். அப்பா சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தவர். கோபே துறைமுகத்தில் கப்பல் நின்ற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்று வாங்கிவந்தார். மொத்தம் ஆறு. ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதால் நான் மரக்கறிப் பெயர் வைத்தேன். முதுகெல்லாம் முடிச்சுமுடிச்சாக இருந்த பச்சைப் பூதம் பாகலன். கத்தரிப்பூ நிறத்தில், ஒற்றைக் கொம்பும் திறந்த மேசை லாச்சி மாதிரி வாயும் உள்ளது கத்தரிக்காயன். சண்டையில் இடம்பெயர்ந்தபோது ஆறும் வீட்டிலேயே நின்றுவிட்டன. பிறகு வீடு இல்லை.

ரொறன்ரோவுக்கு வந்து, பதினாலு வயதில் ஒரு பழம்பொருள் சந்தையில் பாகலனின் அதே அச்சில் ஒன்றைக் கண்டேன். அன்றிலிருந்து தேடுகிறேன். மூன்று வருடத்தில் ஆறில் ஐந்து வகை கிடைத்துவிட்டது, பாகலன் இரண்டு முறை. கத்தரிக்காயன் மட்டும் இல்லை. பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டுவிட்டேன். வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டிய நாட்களில் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வரும். இப்போது மெழுகுதிரி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே பேசத் தேவையில்லை. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போவேன். அரை மணித்தியாலம் கணினி தருவார்கள். பூதப் பொம்மை சேர்ப்பவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றை அங்கேதான் கண்டுபிடித்தேன். பதினொரு மாதமாக எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு வரியும் எழுதியதில்லை.

ஒரு வியாழக்கிழமை அந்தக் குழு கொந்தளித்துக்கொண்டிருந்தது. விட்பியில் புது வீடுகளுக்குக் கூரையோரம் மழைநீர்ப் பீலி பூட்டும் வேலை செய்யும் ரொன் என்பவர் ஒரு படம் போட்டிருந்தார். ஒரு வீட்டு முன்வாசலில், மஞ்சள் நைலோன் கயிற்றில், கழுத்தில் சுருக்கோடு தொங்கியது கத்தரிக்காயன். யாரோ அதற்குக் கறுப்பு மையால் முறுக்கு மீசை வரைந்திருந்தார்கள். நாக்குக்குச் சிவப்புப் பூச்சு. நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடும் ஒரு சிவப்புப் பொட்டும். காலடியில் எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கோத்த மாலை.

ஏதோ இரகசிய மதக் கூட்டம் என்றார் ஒருவர். இதைச் செய்தவனையும் இப்படித் தொங்கவிட வேண்டும் என்றார் இன்னொருவர். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் கோபம் வந்துகொண்டிருந்தது. அது என்னவென்று அத்தனை பேருக்குள்ளும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கண்ணூறுப் பொம்மை. புது வீடு வாங்கிய தமிழ்ச் சனம் யாரோ, பார்ப்பவர்களின் கண் வீட்டில் படாமல் இருக்க, இருக்கிற முகங்களிலேயே அகோரமான முகத்தைத் தேடிக் கட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியை வாசிக்கும் வரைதான். வீட்டுக்காரியிடம் விலைக்குக் கேட்டதாகவும், அவர் கதவைச் சாத்திவிட்டதாகவும் ரொன் எழுதியிருந்தார். அந்தக் குடும்பம் சனிக்கிழமை காலையில் வெளியே போய் மூன்று மணிக்குத்தான் திரும்புகிறதாம். “இந்தச் சனி இரண்டு மணிக்கு ஏணியோடு போகிறேன். இருபது டொலரைத் தபால் பெட்டியில் வைத்துவிட்டு அதை மீட்டுவருவேன்.” குழு முழுவதும் கைதட்டியது.

நான் மூன்று வரி பதில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர்களின் பெயரோ தொலைபேசி எண்ணோ தெரியாது. ரொஸ்லண்ட் வீதிக்கு வடக்கே, புதுப் பிளாஸாவுக்குப் பின்னால் என்பது மட்டும் ரொன் எழுதியதிலிருந்து தெரியும். போய்ச் சொல்வதுதான் வழி; வெள்ளி வேலை என்பதால், சனிக்கிழமை ரொன்னுக்கு முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும். அதைவிட இன்னொரு காரணமும் இருந்தது. கத்தரிக்காயன் அங்கே இருந்தான். எது முதற்காரணம் என்று அன்று கேட்டிருந்தால், எச்சரிக்கைதான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

“பேய்ப் பொம்மை பொறுக்க விட்பிக்கோ?” என்றார் அம்மா. “அங்க என்ன, பேய் மலிவே?”

காலை 9.40க்கு வீட்டை விட்டேன். ஷெப்பர்ட் பேருந்தில் கிழக்கே மோர்னிங்சைட் வரை, அங்கே இறங்கித் தெற்கே போகும் பேருந்து. இரண்டுக்கும் சேர்த்து இரண்டு டொலர்; மாற்றுச்சீட்டை முதல் பேருந்திலேயே கேட்டு வாங்க வேண்டும். கில்ட்வுட் ரயில் நிலையத்தில் 10.50. விட்பிக்கு ஒருவழிச் சீட்டு நான்கு டொலர் நாற்பது சதம். சனிக்கிழமை என்பதால் ரயில் பிக்கரிங்கோடு நின்றுவிடும், மிச்சத்துக்குப் பேருந்து, அதே சீட்டுச் செல்லும். இதை நான் கேட்டு அறியவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார். 11.20 ரயிலில் இடப்பக்கம் இருந்தேன். தவறு. ஏரி வலப்பக்கம்.

பிக்கரிங்கில் இருபத்துநாலு நிமிடம் காத்திருந்தேன். பேருந்துச் சாரதி எங்கே போகிறாய் என்று கேட்டபோது, ரொஸ்லண்ட் வீதி என்று எழுதிய தாளைக் காட்டினேன். அவர் தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வாய் பேசாத பிள்ளை என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் மெதுவாக, கையால் வழி வரைந்து, விட்பிச் சந்தியில் இறங்கி வடக்கே நடக்கச் சொன்னார். உள்ளூர்ப் பேருந்துக்கு நின்றால் ஒரு மணித்தியாலமாகும், நடந்தால் அரை மணித்தியாலம். நான் தலையாட்டினேன். அவர் கணக்குச் சரியாக இருந்தது.

12.32க்கு இறங்கினேன். முதல் ஒரு கிலோமீற்றர் பழைய வீடுகளும் பெரிய மரங்களும். பிறகு நிழல் சட்டென்று தீர்ந்துவிடும். புதுக் குடியிருப்பில் மரம் என்பது தடியோடு கட்டிய ஒரு குச்சி. பாய் பாயாக விரித்த புல்லின் பொருத்துக்கூட இன்னும் மூடவில்லை. எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே கராஜ் கதவு. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். பிளாஸாவில் அப்போது ஒரு பல் வைத்தியரும் கார்ப்பெற் கடையும் மட்டும்தான் திறந்திருந்தன.

1.05க்கு, மூன்றாவது தெருவில், அவனைக் கண்டேன்.

படத்தில் கண்டதற்கும் நேரே கண்டதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான். வெயிலில் ஒரு கன்னம் வெளிறியிருந்தது. மீசையோடு அவன் ஒரு வாத்தியார் மாதிரி இருந்தான். நான் அழைப்புமணியை அழுத்தினேன். அதற்கே இரண்டு நிமிடம் எடுத்தது. யாரும் இல்லை. வாசலில் கார் இல்லை. வாசல் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருந்தது. அதில் இருந்தேன். இரண்டு மணிக்கு முன் அவர்கள் வராவிட்டால் ரொன் வந்துவிடுவார். அவரிடம் நான் என்ன சொல்வது? எனக்கு வாய் வருமா?

ஒன்றரை மணிக்குக் கதிரையில் ஏறினேன். உள்ளங்கால் ஆண்டைப் பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். சரியான ஆண்டு, சரியான அச்சு. அப்போது கயிற்றின் முடிச்சு மூக்குக்கு நேரே இருந்தது. இரண்டு முடிச்சு. ரொன் எப்படியும் எடுக்கத்தான் போகிறார், அவர் எடுப்பதைவிட நான் எடுப்பது நல்லது, நானென்றால் இவனைத் தெரிந்தவள். இப்படி ஒரு நியாயம் என் தலைக்குள் அழகாக வந்து உட்கார்ந்தது. என் கைப்பையில் இருபத்திரண்டு டொலர் இருந்தது. அதைத் தபால் பெட்டியில் வைக்கலாம் என்றும் யோசித்தேன். ரொன் எழுதிய அதே வசனம்! நான் முதல் முடிச்சை அவிழ்த்தேன்.

இரண்டாவதில் நகம் வைத்தபோது, மூன்று மணிக்கு வர வேண்டிய கார் அன்று முன்னதாகவே வந்து பின்னால் நின்றது.

“ஏய்! ஆரது?”

திரும்பிப் பார்த்தேன். மரக்கறிப் பையோடு ஒரு அன்ரி. சாரதிப் பக்கத்தால் ஒரு அங்கிள் இறங்கிக்கொண்டிருந்தார்.

“இறங்கு! இறங்கடி கீழ! தமிழ்ப் பிள்ளையே நீ?”

“ஓம் அன்ரி.”

“தமிழ்ப் பிள்ளையா இருந்துகொண்டு உதில கை வைச்சனியே? உது என்னெண்டு தெரியாதே உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ!” அவர் மரக்கறிப் பையைக் கீழே போட்டார். வெங்காயம் உருண்டு புல்லுக்குள் போனது. “ஒம்பது மாசத்துக் கண்ணூறு முழுக்க உதுக்குள்ள கிடக்கு. ஸ்காபரோவில இருந்து ஞாயிறு தவறாமல் சனம் வந்து வீடு பாக்குது. வந்து கராஜை எண்ணுது, பாத்ரூமை எண்ணுது. அவ்வளவும் உதிலதான் இறங்கியிருக்கு. கலியாணம் கட்டாத பிள்ளை, கை வைச்சிட்டியே!”

கள்ளி என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

“பொலிசைக் கூப்பிடுவமே?” என்றார் அங்கிள், அவ்வளவு உற்சாகம் இல்லாமல்.

“பொலிசு வந்து என்னத்தைக் கழிக்கும்? நீங்கள் முதல்ல மிளகாயை எடுங்கோ. மீனை ஃப்ரிட்ஜுக்கை வையுங்கோ, பழுதாப் போகுது. நீ இஞ்சால வா.”

என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். தோட்டக் குழாயில் முழங்கை வரை கழுவ வைத்தார். அங்கே ஒரு பெரிய காஸ் பாபிகியூ அடுப்பு இருந்தது. அதைப் பற்றவைத்தார். நான் பயத்தில் பின்வாங்கினேன்.

“ஏன் பயப்பிடுறாய்? உன்னை வாட்டேல்லை. உள்ளுக்கை கழிச்சால் ஸ்மோக் அலாரம் அடிக்கும். போன முறை ஃபயர் ரக் வந்து நிண்டது.”

“ரெண்டு ரக்,” என்றார் மிளகாயோடு வந்த அங்கிள்.

மூன்று காய்ந்த மிளகாய், ஒரு பிடி உப்பு, வாசல் மண் கொஞ்சம். என் தலையைச் சுற்றி மூன்று தரம் இப்படி, மூன்று தரம் அப்படி. துப்பச் சொன்னார், துப்பினேன். நெருப்பில் போட்டார். எங்கள் வழக்கப்படி, கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடிக்காது. இது நெடித்தது. மூவரும் இருமி, கண்ணால் தண்ணீர் வழிய நின்றோம்.

“நெடிக்குது! பாத்தியே, நெடிக்குது!” அன்ரி இருமிக்கொண்டே என் முதுகில் தட்டினார். “உனக்கு ஒண்டும் ஏறேல்லை. தப்பினாய். ஆரின்ர பிள்ளை நீ? சாப்பிட்டியே?”

அவர் பெயர் பவானி. அந்தக் கேள்வியோடு எனக்கு அழுகை வந்தது. மிளகாய் என்று நினைத்திருப்பார். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. அப்பா வாங்கிவந்த ஆறு, மின்னஞ்சல் குழு, ரொன், ஏணி, இரண்டு மணி, எல்லாவற்றையும் சொன்னேன். ரொன்னைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். “சொல்லத்தான் வந்தனான் அன்ரி. ஆனால் நான் பாக்கிறதுக்கு ஏறேல்லை. எடுக்கத்தான் ஏறினனான்,” என்றும் சொன்னேன்.

“கொம்மா என்ன சாமியறையில வைச்சுக் கும்பிடுறாவோ உதுகளை?” என்றார் பவானி அன்ரி. “ஆரோ பழஞ்சாமான் வித்த கராஜ் சேல்ல அம்பது சதத்துக்கு வாங்கினனான். முதல்ல பூசணிக்காய்தான் கட்டினம். உந்த அணில் ரெண்டு நாளில திண்டுபோட்டுது. பிறகு உதைக் கண்டன். கண்ணூறுப் பொம்மைக்கெண்டே பிறந்த முகம். மீசை மட்டும்தான் குறை, அதை இவர் போட்டவர்.”

அங்கிள் கொஞ்சம் பெருமையாக நின்றார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, பக்கக் கதவால் ஒரு ஏணி உள்ளே வந்தது. அதன் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க, வெயிலில் சிவந்த ஒருவர். முன்வாசலில் கார் நிற்பதைக் கண்டு, பின்வளவில் புகையைக் கண்டு, என்னவென்று பார்க்க வந்திருக்கிறார். மிளகாய் நெடி அவருக்கும் ஏறியது.

“பீலி பூட்ட வந்தவரே?” அங்கிள் என்னைக் கேட்டார். “நாங்கள் ஒருதரையும் கூப்பிடேல்லையே.”

நான் அவரிடம் ஆங்கிலத்தில், “நீங்கள் குழுவில் எழுதியதை வாசித்தேன், ரொன்,” என்றேன். ஒரு அந்நிய மனிதருடன் நானாகத் தொடங்கிய முதல் பேச்சு அது. அவர் முகம் இன்னும் சிவந்தது. ஏணியை மெல்லப் புல்லில் படுக்கவைத்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த இருபது டொலர்த் தாளை எடுத்து, யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். “நான் திருடன் இல்லை,” என்றார். “நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்,” என்றேன்.

பவானி அன்ரி தாளைப் பார்த்தார். “அண்டைக்கும் கதவில வந்து உதைக் காட்டினது உந்தாள்தான். இருபது டொலரோ? உதுக்கோ? உந்தாளுக்கு என்ன விசரே?”

“நான் இன்னும் ரெண்டு டொலர் கூட வைக்க நினைச்சனான்,” என்றேன்.

அன்ரி ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “சரி. முடிச்சு ஒண்டு அவிழ்ந்திட்டுது. இனி உது காவல் இல்லை. காசுக்கும் குடுக்கேலாது, சும்மாவும் குடுக்கேலாது. குடுத்தால் எங்கட கண்ணூறை மற்றவையின்ர தலையில கட்டின பாவம். எரிக்கிறதுதான் முறை. அடுப்பும் சூடாத்தான் கிடக்கு. நீங்கள் போய்க் கழட்டிக்கொண்டு வாங்கோ.”

அங்கிள் போனார். என்ன சொல்கிறார் என்று ரொன் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் பக்கத்திலிருந்த வேலியைப் பிடித்துக்கொண்டார். “எரிப்பதா? அதையா?” நான் அவரைவிட மோசமாக இருந்தேன். உலகத்தில் எங்கோ இருக்கட்டும் என்று விட்டிருந்தால் இருந்திருப்பான். அவனைத் தேடி மூன்று மணித்தியாலம் வந்து, ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்து, அவனை நெருப்புக்குக் கொடுத்தவள் நான்தான். அங்கிள் கயிற்றோடு கொண்டுவந்தார். அன்ரி அடுப்பு மூடியைத் திறந்தார்.

“அன்ரி, வேண்டாம்!” என் குரல் பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். “உது ரப்பர் மாதிரி. உருகிக் கம்பியில ஒட்டும். பிறகு நீங்கள் உதில ஒண்டும் வாட்டேலாது. நாத்தம் போகவே போகாது.”

பவானி அன்ரி யோசித்தார். அங்கிள் தொண்டையைச் செருமினார். “அதுவும் சரிதான். நாளைக்கு ஏழு பேர் சாப்பிட வருகினம்.”

“அப்ப நாற்சந்தி,” என்றார் அன்ரி. “அவிழ்த்த கையாலதான் போட வேணும். வா.”

சந்தி இருநூறு மீற்றர் தூரம். நான் கத்தரிக்காயனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். அன்ரி ஒரு பக்கம், அங்கிள் குடை மாதிரி ஒரு மரக்கறிப் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மறுபக்கம், பத்து அடி பின்னால் ரொன். ஒரு வீட்டில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ரொன் என் பக்கத்தில் வந்து, கீழே போட்டபின் தான் எடுக்கலாமா என்று மெல்லக் கேட்டார். அன்ரியிடம் கேட்டேன்.

“எடுக்கட்டும். எடுக்கிறவரோட போகும், அவ்வளவுதான். ஆனால் வடிவாச் சொல்லிவிடு. பிறகு சொல்லேல்லை எண்டு வரக்கூடாது.”

வடிவாகச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்.

எறியச் சொன்னார்கள். எனக்கு எறிய வரவில்லை. சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், வீதி ஓரமாகப் படுக்கவைத்தேன். “திரும்பிப் பாராமல் நட,” என்றார் அன்ரி. நடந்தேன். பின்னால் ரொன்னின் காலடி கேட்கவில்லை. அவர் அங்கேயே நிற்கிறார் என்று தெரிந்தது. வீடு வரும்வரை என் கழுத்து மரக்கட்டை மாதிரி இருந்தது.

பிறகு மீன்குழம்பும் சோறும் தந்தார்கள். அன்ரி முன்வாசலைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். “வெறும் வாசலா ஒரு கிழமைக்கு மேல விடேலாது. உன்னட்டை உப்பிடி வேறை ஒண்டும் இல்லையே? இதைவிட வடிவில்லாததாப் பாத்து.” இரட்டையாக இருந்த பாகலனைக் கொண்டுவருவதாகச் சொன்னேன். அங்கிள் பிக்கரிங் நிலையம் வரை காரில் கொண்டுவந்து விட்டார். “பொம்மை களவெடுக்க வந்து, பொம்மை தாறன் எண்டு போற ஆளை இப்பதான் பாக்கிறன்,” என்றார்.

வியாழக்கிழமை குழுவில் ரொன் எழுதியிருந்தார். நான் போனபிறகு பத்து நிமிடம் அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். வீட்டு வாசலிலிருந்து எடுக்கத் துணிந்த தனக்கு வீதியிலிருந்து எடுக்கக் கை வரவில்லை, ஏன் என்று தெரியவில்லை, என்று எழுதியிருந்தார். குழுவில் பலர் அவரைத் திட்டினார்கள். அப்போது நான் என் முதல் பதிலை எழுதினேன், கண்ணூறு என்றால் என்ன என்று. அரை மணித்தியாலம் போதவில்லை. நூலகத்தில் பக்கத்தில் நின்றவர் தன் நேரத்தில் பத்து நிமிடம் தந்தார், கேட்டது நான்தான்.

அடுத்த சனி அதே வழி, அதே நேரம். பாகலனை நானே கட்டினேன். அன்ரி கறுப்புப் பேனையைத் தந்து மீசை போடச் சொன்னார். பழைய பொம்மையில் ஒரு கீறல் விழுந்தாலே நித்திரை வராத நான், முறுக்கு மீசை வரைந்தேன். இடப்பக்கம் கொஞ்சம் கோணல்.

போக நினைப்பவர்களுக்கு: போகவர பன்னிரண்டு டொலர் எண்பது சதம். வார நாள் மாலையில் ரயில் நேரே விட்பி வரை போகும் என்கிறார்கள், நான் போனதில்லை. கிழக்கே புதுக் குடியிருப்புகளில் கோடைச் சனிக்கிழமைகளில் தெருவுக்கு ஒரு கராஜ் சேலாவது இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால்தான் பயன். எங்கள் சனத்தின் வாசலில் பூதம் எதையாவது கண்டால் மணியடியுங்கள், ஆள் இல்லாவிட்டால் தெருவில் நில்லுங்கள், வாசலில் நிற்காதீர்கள். முடிச்சைத் தொடாதீர்கள். மாற்றுப் பொம்மை ஒன்று கொண்டுபோங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பவானி அன்ரிக்கு இதைச் சொல்லவில்லை. இதை வாசித்தால் அறிவார்.

அந்த இரண்டாவது சனிக்கிழமை நான் போனபோது கத்தரிக்காயன் சந்தியிலேயே இருந்தான். ஒரு கிழமையாக யாரும் எடுக்கவில்லை. யாரோ சாக்கடையோரத்திலிருந்து தூக்கிப் புல்லின் மேல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள், வீதியைப் பார்க்க. போகும்போது பார்க்காத மாதிரிப் போனேன். திரும்பும்போது அங்கிள் கார் எடுக்க வந்தார், நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சந்தியில் நின்றேன். ஒன்பது மாதத்துப் பார்வை அவனுக்குள் இருக்கிறது என்று அன்ரி சொன்னது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. அதனால்தான் ரொன்னும் விட்டுவிட்டுப் போனார். எனக்கு அங்கே வந்த யோசனை வேறு. பள்ளியில் பத்து வருடம் இருந்தேன், தொழிற்சாலையில் ஒரு வருடம். என்மேல் இதுவரை யாரும் கண் வைத்ததில்லை. கொஞ்சம் பட்டால் என்ன?

குனிந்து எடுத்தேன்.

பேருந்தில் அதே சாரதி. சீட்டைக் காட்டி, “கில்ட்வுட்,” என்று வாயால் சொன்னேன். அவர் திடுக்கிட்டார். ரயிலில் கத்தரிக்காயனை மடியில் வைத்திருந்தேன், மீசையோடும் பொட்டோடும். எதிரே இருந்த நாலு பேரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பை பக்கத்தில் வெறுமையாகத்தான் கிடந்தது. நான் அவனை அதற்குள் வைக்கவில்லை. ஏரி இருக்கும் பக்கத்தில் இருந்தபடியால் கில்ட்வுட் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.